மூணுகாலை ஓட்டத் தெரிஞ்ச ஆள்

எங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல அவரோட வண்டியைப் பத்தித்தான் சொல்லணும். கல்யாணமான புதுசுல எனக்கு அதுவே பெரிய எரிச்சல். மனுஷன் ஒரு நாளைக்கு என்கிட்ட பேசுற பேச்சை விரல் விட்டு எண்ணிடலாம். வண்டிகிட்ட பேசுறதுக்கு அளவே கிடையாது. "என்னடா, இன்னைக்கு என்ன உனக்கு?"ன்னு அதைக் கேட்பாரு. இத்தனை வருஷத்துல என்னைப் பாத்து ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்ல. கேட்டிருந்தா நானும் நிறைய சொல்லியிருப்பேன்.

அவரு தண்ணி ஆபீஸ்ல பம்ப் ஆபரேட்டர். வேலையும் வீடும் ஒரே இடம். ஒரு பக்கம் மோட்டார் ரூம், நடுவுல ஒரு சுவர், இந்தப் பக்கம் எங்க ரெண்டு ரூம். மோட்டார் ஓடினா எங்க அலமாரியில டம்ளர் ஆடும். பின்னால உயரமா ஒரு தொட்டி, அதுல ஏற இரும்பு ஏணி. அவ்வளவுதான் எங்க ஊரு. அங்கேர்ந்து தார் ரோடு பதினோரு கிலோமீட்டர், வழி பூரா மணல். மணலுக்கு அடியில குழாய் போகுது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டவுனுக்கு அதுல தான் தண்ணி. குழாய் நெடுக நாலு வால்வு. தினமும் போயி நாலையும் பாத்துட்டு வரணும்.

ஜீப் அந்த மணல்ல முக்கால்வாசி புதைஞ்சிடும். நடந்தா பாதி நாள் போயிடும். அதனால ஆபீஸ்ல முப்பது வருஷத்துக்கு முன்னால மூணு சக்கர வண்டி ரெண்டு வாங்கிப் போட்டிருந்தாங்க. ஆட்டோ இல்ல. மோட்டார் சைக்கிளுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ரெண்டுன்னு பூசணிக்காய் சைசுல டயர் மாட்டினா எப்படி இருக்கும், அது. கூரை கிடையாது, கதவு கிடையாது, ரிவர்ஸ் கிடையாது. ரெண்டுல ஒண்ணு நாங்க வர்றதுக்கு முன்னாலயே செத்துப் போச்சு. அதோட உடம்புல இருந்ததெல்லாம் ஒவ்வொண்ணா இதுக்கு வந்து சேர்ந்தது. இதுக்குப் பேரு மூணுகாலு. நான் வச்ச பேருதான்.

எங்களுக்கு ஒரே பொண்ணு. பதினாறு வயசாகியும் பாப்பான்னுதான் கூப்பிடுறோம். ஆறு வயசுல அவளை டவுன்ல ஹாஸ்டல்ல சேர்த்தோம். அங்க மணல்ல பள்ளிக்கூடம் ஏது? மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பாக்க விடுவாங்க. வருஷத்துக்குப் பன்னெண்டு ஞாயிறு. இருமலோ காய்ச்சலோ யாரு பாத்தா, தலை யாரு வாரிவிட்டா, எனக்குத் தெரியாது. வயசுக்கு வந்த சேதியே எனக்கு நாலு நாள் கழிச்சுத்தான் கிடைச்சது. இன்னும் ரெண்டு வருஷம்தான் பள்ளிக்கூடம். அதுக்கப்புறம் எந்த ஊரு காலேஜோ, எந்த ஊரு வேலையோ. அந்த ரெண்டு வருஷமாவது அவ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வீட்டுல இருக்கணும். எனக்கு வேற ஆசை ஒண்ணும் இல்ல. கேட்டுக்கேட்டு எனக்கே வாய் வலிச்ச ஆசை அது.

ஆறு வருஷமா மாறுதலுக்கு எழுதிப் போட்டு, ஒரு நாள் ஆர்டர் வந்தது. டவுன் தண்ணித் தொட்டியில வேலை. நான் அந்தக் காகிதத்தை மூணு தடவை படிச்சேன். மூணாவது தடவைதான் கீழ இருந்த ரெண்டு வரி கண்ணுல பட்டது. வண்டியை ஓடுற நிலைமையில, அதை ஓட்டத் தெரிஞ்ச ஆள்கிட்ட ஒப்படைக்கணும். பழைய ஆளும் புது ஆளும் சேர்ந்து லைன் பூரா ஓட்டிக் காட்டி ஆபீசர் கையெழுத்துப் போடணும். அறுபது நாளைக்குள்ள நடக்கலைன்னா ஆர்டர் செல்லாது.

"அதுக்கு ஒரு வழி இருக்கும்"னாரு. அது அவரோட வசனம். குழாய் வெடிச்சாலும் அதான், சோறு குழைஞ்சாலும் அதான்.

வண்டி ஓடுற நிலைமையிலதான் இருந்தது. ஓட்டத் தெரிஞ்ச ஆளுதான் உலகத்துலயே இல்ல. ஏன்னா இவரு பண்ணி வச்ச வேலை அப்படி. மோட்டார் பெல்ட்டுல மாட்டி இவரோட வலது கட்டைவிரல் ஒரு தடவை செத்துப் போச்சு. அந்த வண்டிக்கு ஆக்சிலேட்டரே வலது கட்டைவிரல்லதான். இவரு என்ன பண்ணினாரு, அதைக் கழட்டி இடது கைக்கு மாத்திட்டாரு. இடது கையில இருந்த பிரேக்கை வலது பக்கம் கொண்டுபோனாரு. முட்டி வலிக்குதுன்னு கியரைத் தலைகீழா மாட்டினாரு. ஸ்டார்ட் பண்ற கயிறு இவரு கை நீளத்துக்கு வெட்டினது. சோக் பிடி உடைஞ்சதும் என் கரண்டிக் காம்பைப் பிடுங்கி வச்சாரு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வருஷம், ஒவ்வொரு அவசரத்துக்கு. இவரு ஏறினா பூப்போல போகும். வேற எவன் ஏறினாலும் குடை சாயும்.

முதல்ல ஆபீஸ்ல அனுப்பினது ஒரு லாரி டிரைவரை. இருபது சக்கர வண்டியெல்லாம் ஓட்டினவராம். மூணுகாலு அவரைத் தொட்டியைச் சுத்தி ஒன்றரைச் சுத்துதான் கொண்டுபோச்சு. எழுந்து மணலைத் தட்டிவிட்டு, "இது வண்டியே இல்லங்க"ன்னு சொல்லிட்டு, தண்ணிகூட குடிக்காம ரோட்டைப் பாத்து நடக்க ஆரம்பிச்சிட்டாரு. பதினோரு கிலோமீட்டர்னு நான் பின்னால கத்தினேன். பரவால்லன்னு கை காட்டினாரு.

இப்ப ஒரு விஷயம் சொல்லணும். ஓட்டத் தெரிஞ்ச ஆள் உலகத்துலயே இல்லன்னேனே, அது பொய். எனக்குத் தெரியும்.

வந்த புதுசுலயே கத்துக்கிட்டேன். அவரு மத்தியானம் தூங்குவாரு, எனக்குப் பொழுது போகாது. அவரு ஒவ்வொண்ணா மாத்த மாத்த, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததும் விளக்கு பிடிச்சதும் நான்தானே, நானும் கூடவே மாத்திக்கிட்டேன். அவருக்கு அம்மை போட்டப்போ பதினேழு நாள் நாலு வால்வையும் நான்தான் பாத்தேன். ஆனா அது எங்க ரெண்டு பேருக்குள்ள. "யாரு கேட்டாலும் உனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு அவரு சொல்லி வச்சிருந்தாரு. காரணம் இருக்கு. வடக்கால இன்னொரு பம்ப் ஹவுஸ் உண்டு. அங்க ஆபரேட்டரோட சம்சாரம் ஒரு நாள், புருஷன் குளிக்கிற நேரத்துல, ஆபீசர் கண்ணு முன்னால வால்வைத் திருப்பிட்டா. நல்லது செய்யுறோம்னுதான் பாவம் நினைச்சா. அடுத்த மாசமே அங்க இருந்த ரெண்டாவது ஆள் வேலையை எடுத்துட்டாங்க, வீட்டம்மாவே பாத்துக்குவாங்கன்னு. அவங்க இன்னும் அங்கதான் கிடக்கறாங்க. அதனால ஆபீசர் வந்தா நான் அடுப்படியை விட்டு வரமாட்டேன். வந்தாலும் மூணுகாலைப் பாத்து, "இதுல ஹாரன் எங்கங்க இருக்கு?"ன்னு கேட்டு வைப்பேன். அதுல ஹாரனே கிடையாது.

ஆக, வண்டியைப் பழையபடி ஆக்கணும், எவன் ஏறினாலும் ஓடுற மாதிரி. இவரு கழட்டுவாரு, ஆனா கம்பெனியில எப்படி இருந்ததுன்னு இவருக்கே மறந்து போச்சு. புஸ்தகமும் கிடையாது. மெக்கானிக் வேணும். எங்க இடத்துல ஏணியோட கடைசிப் படியில நின்னாத்தான் போன்ல சிக்னல் கிடைக்கும். தினமும் சாயங்காலம் அவரு ஏணி மேல, நான் கீழ. பேசுறது எனக்கும் கேட்கும்.

"எத்தனை வீலு?"

"மூணு."

"ஆட்டோவா?"

"இல்லங்க, மணல்ல ஓடுற வண்டி. பழசு."

"டிராக்டரா?"

"இல்லங்க, பைக் மாதிரி."

"பைக்குக்கு ரெண்டு வீலுதானேங்க?"

டக்குன்னு வச்சிடுவாங்க. பைக் கடைக்காரன் கார் கடைக்குப் போகச் சொல்வான். கார் கடைக்காரன் பைக் கடைக்குப் போகச் சொல்வான். ஒருத்தன் மட்டும், டயரையாவது கொண்டாங்க, பாத்துத் தர்றேன்னான். கொண்டு போனா, கண்ணு மண்ணு தெரியாம காத்தடிச்சுக் கல்லு மாதிரி ஆக்கி வச்சுட்டான். மூணுகாலு டயருக்குக் காத்தே வேணாம். கையால அமுக்கினா உள்ள போகணும், அப்பதான் மணல்ல மிதக்கும். அன்னைக்கு வீடு வந்து சேர்றதுக்குள்ள என் இடுப்பு என்கிட்ட இல்ல. இப்படியே முப்பத்தெட்டு நாள் போச்சு.

கடைசியில ஆளைக் கண்டுபிடிச்சது நான்தான். அந்த மாச ஞாயிறு பாப்பாவைப் பாக்கப் போயிருந்தேன். ஹாஸ்டல் வாசல்ல ஒருத்தரு கொசுப் புகை அடிக்கிற மிஷினைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருந்தாரு. மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் கம்பி, ஒரு பக்கம் நூலு. அவரு மாட்டி இழுத்ததும் ரெண்டாவது இழுப்புல அது பிடிச்சது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பாப்பாவை அப்படியே விட்டுட்டு எழுந்து போயிட்டேன்.

"அண்ணே, மூணு சக்கர வண்டி ஒண்ணு இருக்கு, பாப்பீங்களா?"

"எத்தனை சக்கரமா இருந்தா என்ன, இன்ஜின் ஒண்ணுதானே தங்கச்சி?"

அழுகை வந்திடுச்சு எனக்கு. அந்த ஆறு வாரத்துல ஒழுங்கா பேசின முதல் மனுஷன் அவருதான்.

புகையண்ணன் வந்தாரு. வர்ற வழியில, எங்க வீட்டுக்காரருக்குப் பின்னால உக்காந்திருந்தவரு ரெண்டு தடவை வாந்தி எடுத்தாரு. அவருக்கு இன்ஜினைப் பிரிக்கத்தான் தெரியும், வண்டியில போகவே பயம். சைக்கிள்கூட ஏறமாட்டாராம். முகத்தைக் கழுவிட்டு வந்து மூணுகாலைச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு.

"இது வண்டி இல்லம்மா. உங்க வீட்டுக்காரரோட சட்டை. அவருக்கு அளவெடுத்துத் தச்சிருக்கு."

இவருக்கு அதைக் கேட்டு ஒரே பெருமை. எனக்கு வயித்தெரிச்சல்.

ஒரு வாரம் எங்க வீட்டுலயே தங்கினாரு. செத்துப்போன வண்டியோட எலும்புக்கூட்டைப் பாத்துப் பாத்து எது எங்க இருந்திருக்கும்னு கண்டுபிடிச்சாரு. ஆக்சிலேட்டர் வலது பக்கம் வந்தது, பிரேக் இடது பக்கம் போச்சு. கியர் நேராச்சு. முழு நீளத்துல புதுக் கயிறு. என் கரண்டிக் காம்பும் திரும்பக் கிடைச்சது. ஓட்டிப் பாக்கணுமே, யாரு ஓட்டுறது? இவரு மோட்டார் ரூமுல. அண்ணனுக்குப் பயம். நான் சுத்தும்முத்தும் பாத்துட்டு ஏறி உக்காந்து, தொட்டியை நாலு சுத்து சுத்தி வந்து நிறுத்தினேன். முதல் முதல்ல கத்துக்கிட்டது இந்த மாதிரிதானே, கைக்கு அது மறக்கல.

அண்ணன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "தங்கச்சி, அப்ப எதுக்கு இந்தப் பாடு?"

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே."

ஏன்னு சொன்னேன். சரின்னு தலையாட்டினாரு. சொல்லவும் இல்ல.

அடுத்த வாரம் புது ஆளும் வந்தாரு. முப்பது வயசு இருக்கும், அப்பதான் குழந்தை பொறந்திருந்தது. ரெண்டே நாள்ல ஓட்டக் கத்துக்கிட்டாரு. நான் டவுன்ல வீடு பாத்துட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பின் தெரு, ஒரு ரூம், ஒரு அடுப்படி, ஜன்னலைத் திறந்தா பள்ளிக்கூட மணி கேட்கும். பாப்பாகிட்ட சொன்னதும், "நிஜமாவாம்மா? தினமுமா?"ன்னு கேட்டா. தினமும்னேன். ஒரு பெட்டியை மட்டும் அந்த வீட்டுல வச்சுப் பூட்டிட்டு வந்தேன்.

எல்லாம் சரியாத்தான் போச்சு. ஒண்ணைத் தவிர. எங்க வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்ட வரல.

செத்த கட்டைவிரலுக்குப் பதிலா உள்ளங்கையால ஆக்சிலேட்டரை அமுக்கி, தொட்டியைச் சுத்தி மெதுவா ஓட்டிப் பழகினாரு. நான் அடுப்படி ஜன்னல் வழியா பாத்துட்டிருந்தேன். நிறுத்துறதுக்கு வலது கை இறுகுது. வண்டி ஒரு குதி குதிச்சிட்டு நிக்குது. இவரு இடது கையைப் பாக்குறாரு, ஏதோ யாரோட கையோ மாதிரி. பதிமூணு வருஷப் பழக்கம், மூணு நாள்ல போகுமா? உள்ள வந்தவரு, "பழகிடும்"னாரு. பழகாதுன்னு எனக்குத் தெரிஞ்சது. இன்னும் பத்து நாள் ஓட்டட்டும்னு சொல்லியிருக்கணும். பத்து நாள் எங்க இருந்தது? அறுபதுல நாலு நாள்தான் மிச்சம். நான் வாயைத் திறக்கல. இதை யாருகிட்டயும் நான் சொன்னதில்ல, இப்பதான் சொல்றேன்.

ஆபீசர் வந்தாரு. ரோட்டுல ஜீப்பை நிறுத்திட்டு நின்னவரைப் புது ஆளே போயி மூணுகால்ல கூட்டிட்டு வந்தாரு. ஆபீசருக்கு ஒரே சந்தோஷம். டீ குடிச்சாரு. காகிதத்தை எடுத்து எங்க மேஜை மேல வச்சு, காத்துல பறக்காம இருக்கத் தண்ணி டம்ளரை மேல வச்சாரு. "பழைய ஆளு ஒரு தடவை லைன்ல ஓட்டி வால்வைக் காட்டிடட்டும், போட்டுடலாம்"னாரு. இவரு ஓட்ட, புது ஆளு பின்னால உக்காந்துக்கிட்டாரு. இவரு கிளம்பும்போது என்னைப் பாத்து லேசா சிரிச்சாரு. நான் டம்ளருக்கு அடியில இருந்த காகிதத்தைப் பாத்துட்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழிச்சுப் புது ஆளு ஓடி வந்தாரு. வண்டி இல்லாம. தலைமுடியெல்லாம் மணல். ரெண்டாவது வால்வுகிட்ட ஒரு சரிவு இருக்கு. அங்க வேகத்தைக் குறைக்கிறதுக்கு இவரோட வலது கை பழக்க தோஷத்துல பிரேக்குன்னு நினைச்சு இறுக்கிப் பிடிச்சிருக்கு. அங்க இப்ப இருந்தது ஆக்சிலேட்டர். வண்டி பறந்து, வால்வுக் குழியோட சிமென்ட் சுவர்ல மோதிக் கவுந்திருக்கு. புது ஆளு பின்னால மணல்ல விழுந்துட்டாரு. இவரு சுவர் மேல விழுந்துட்டாரு.

மூணு கிலோமீட்டர். நான் ஓடினேன், ஆபீசரும், ஒப்படைக்கிற நாளுன்னு வந்திருந்த புகையண்ணனும் பின்னால வந்தாங்க. அவரு குழிச் சுவர்ல சாஞ்சு உக்காந்திருந்தாரு. தோள்பட்டை ஒரு பக்கம் தொங்குது. நெத்தியில ரத்தம். மூச்சை முழுசா இழுக்க முடியல, பாதியிலேயே நிக்குது. ஆம்புலன்ஸுக்கு ஏணியில ஏறிச் சொல்லிட்டுத்தான் வந்திருந்தாரு ஆபீசர், ஆனா அது ரோடு வரைக்கும்தான் வரும். அங்கேர்ந்து ரோடு எட்டு கிலோமீட்டர். உச்சி வெயில்.

"நீ ஓட்டுப்பா"ன்னாரு ஆபீசர், புது ஆளைப் பாத்து.

புது ஆளு கவுந்து கிடந்த வண்டியைப் பாத்தாரு. "என்னால முடியாது சார். எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு"ன்னு சொல்லிட்டு மணல்ல உக்காந்துட்டாரு. அண்ணன் என்னைப் பாக்கவே இல்ல, தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. ஆபீசர் தூக்கிட்டுப் போகலாம்னாரு. தூக்கலாம், ரெண்டரை மணி நேரம் ஆகும். இவரு உதடு வெளுத்துப் போச்சு.

நான் போயி மூணுகாலோட கைப்பிடியைப் பிடிச்சேன். அப்ப இவரு என்னைக் கூப்பிட்டாரு. பக்கத்துல போயி குனிஞ்சேன்.

"வேணாம்"னாரு. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாரு. "உனக்கு ஒண்ணும் தெரியாது."

அந்த நிலைமையிலயும் அந்த மனுஷன் நினைச்சது அதைத்தான். பத்தொன்பது வருஷமா என்கிட்ட பேசலன்னு குறைபட்டேனே, அத்தனைக்கும் சேர்த்து அந்த ஒரு வார்த்தை. "சும்மா இருங்க"ன்னேன்.

அண்ணனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி வண்டியை நிமித்தினேன். ஹேண்டில் கொஞ்சம் கோணியிருந்தது, ஓடும். பெட்ரோல் கசிஞ்ச இடத்தைத் துடைச்சேன். ஏர் ஃபில்டரைக் கழட்டித் தட்டி மணலை உதறி மாட்டினேன். சோக்கை இழுத்தேன், கயித்தை இழுத்தேன். மூணாவது இழுப்புல பிடிச்சது. அவரைப் பின்னால ஏத்தி, ரெண்டு துண்டை முடிச்சுப் போட்டு என் இடுப்போட சேர்த்துக் கட்டினேன். இதையெல்லாம் ஆபீசர் பாத்துட்டு நின்னாரு. அவரு பாக்குறாருன்னு எனக்குத் தெரியும். என் கையை நான் மெதுவாக்கல, தெரியாத மாதிரி தடுமாறவும் இல்ல. நேரம் இல்ல.

எட்டு கிலோமீட்டர் போனோம். அவரு முகம் என் முதுகுல. ஒவ்வொரு மேட்டுக்கும் "ம்"னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் வந்தா நிம்மதி, வரலைன்னா திரும்பிப் பாப்பேன். மூணாவது வால்வு, நாலாவது வால்வு தாண்டி ரோட்டுல கொண்டுபோய் ஆம்புலன்ஸ் பக்கத்துல நிறுத்தினேன். முடிச்சை அவிழ்க்கத்தான் என் கைக்கு வரல, டிரைவர் அறுத்துவிட்டாரு.

தோள்பட்டையில ஒண்ணு, விலாவுல மூணு எலும்பு. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா நுரையீரல் போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. பாப்பா யூனிஃபார்மோட ஓடி வந்தா. அப்பாவைப் பாத்து அழுதுட்டு, அப்புறம் என்கிட்ட வந்து, "நீ வண்டி ஓட்டுவியாம்மா? எனக்குத் தெரியவே தெரியாதே"ன்னா. அவ கண்ணுல இருந்த பெருமையைப் பாத்து எனக்கு வெக்கமாவும் இருந்தது, பயமாவும் இருந்தது.

நாலாம் நாள் ஆபீசர் பழத்தோட வந்தாரு. கூட ஒரு காகிதம். பழத்தைப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சிடுச்சு. வார்டுல எல்லாரும் கேட்கிற மாதிரி என்னைப் புகழ்ந்தாரு. புது ஆளு வேலையே வேணாம்னு போயிட்டாராம். அறுபது நாள் முடிஞ்சதால மாறுதல் ஆர்டர் செல்லாதாம். இவருக்கு மூணு மாசம் மருத்துவ லீவு. அதுவரைக்கும் தற்காலிகமா அந்த இடத்துல நான்.

"அதுக்கப்புறம் சார்?"

"அப்புறம் பாக்கலாம்மா. வண்டிக்கு நல்ல மெக்கானிக்கும் அமைஞ்சிருக்காரு, ஓட்டவும் நீங்க இருக்கீங்க. இனி அங்க எந்தப் பிரச்சனையும் இல்லன்னு மேல எழுதியிருக்கேன்."

"நான் முடியாதுன்னா?"

அவரு கெட்டவர் இல்ல. "டவுன் தொட்டியில இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் தண்ணி இருக்கு. அங்க ஆள் இல்லாம இவரோட லீவை நான் பாஸ் பண்ண முடியாதும்மா. இவரே வரவேண்டியிருக்கும்."

எங்க வீட்டுக்காரரு கட்டுப் போட்ட கையோட எழுந்து உக்காரப் பாத்தாரு. "நான் போறேன், அதுக்கு ஒரு வழி"ன்னு ஆரம்பிச்சவரு, முடிக்க முடியாம இருமினாரு. நான் காகிதத்துல கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில எனக்கு முதல் முதலா வந்த வேலை ஆர்டர். என் பேருல ஒரு எழுத்துப் பிழைகூட இல்ல.

அவரை டவுன் வீட்டுல கொண்டுபோய் விட்டோம், பள்ளிக்கூடத்துப் பின் தெரு வீட்டுல. அந்தக் கையோட அவரு மணலுக்கு வர முடியாது, ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒரு தடவை போகணும். கூட இருந்து பாத்துக்கப் பாப்பா ஹாஸ்டலை விட்டு வந்துட்டா. பெட்டியைத் திறந்து என் புடவைகளை மட்டும் தனியா எடுத்துக்கிட்டேன். அவரு ஜன்னல் பக்கமா திரும்பி உக்காந்திருந்தாரு. "இன்னைக்கு என்ன சமையல்?"னு பாப்பாகிட்ட கேட்டாரு. என்கிட்ட ஒண்ணும் கேட்கல. கேட்டிருந்தா நான் உடைஞ்சிருப்பேன்னு அவருக்குத் தெரியும். எனக்கு அவரு மேல கோபம், ஆபீசர் மேல கோபம், எல்லாரையும் விட என் மேலதான் அதிகம்.

பாப்பா ரோடு வரைக்கும் என்கூட பஸ்ல வந்தா. மூணுகாலு அங்க ரோட்டோரத்துல இருந்த ஆபீஸ் ஷெட்டுல நின்னது. புகையண்ணன் வந்து ஹேண்டிலை நேராக்கி வச்சிருந்தாரு. பையைப் பின்னால கட்டினேன். பாப்பா டயரைக் கையால அமுக்கிப் பாத்தா. நான் கயித்தை இழுத்ததும் முதல் இழுப்புலயே பிடிச்சது.

"இதை ஓட்டுறது கஷ்டமாம்மா?"ன்னு சத்தத்துக்கு மேல கத்திக் கேட்டா.

இல்லன்னு தலையாட்டினேன். கஷ்டமா இருந்திருந்தா இந்நேரம் உன்கூட இருந்திருப்பேன்டின்னு சொல்ல வந்து, சொல்லாம கிளம்பிட்டேன்.